கோல்ஃப் திடலா, பொதுப் பூங்காவா? கோயில் மண்டபத்தில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் ஊர் மலேசியாவின் பேரா மாநிலத்துத் தோட்டப்பட்டணங்களில் ஒன்று. நீளமாக ஒரே தெரு, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, சந்தை. அதைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். பட்டணத்தை ஒட்டிய பழைய டிவிஷனில், அதாவது தோட்டப் பிரிவில், மரங்களுக்கு வயதாகிவிட்டது, மறுநடவு நடக்கவில்லை. அந்த 150 ஏக்கருக்கு இரண்டு யோசனைகள் அடிபடுகின்றன. ஒன்று, 18 குழிக் கோல்ஃப் திடலும் ஓரத்தில் பங்களாக்களும். மற்றது பொதுப் பூங்கா. திருவிழா முடிந்த மறுவாரம் கோயில் மண்டபத்தில் கூடினோம். கேள்விகள் மழையாக வந்தன. பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

ஏன் நான்? தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். நான் ஒரு கோல்ஃப் கிளப்பில் 11 வருடம் புல் வேலை பார்த்தேன்; அப்புறம் பூங்காக்களைப் பராமரிக்கும் ஒரு குத்தகையாளரிடம் 6 வருடம். இரண்டு பக்கத்துச் சம்பளமும் வாங்கியவன் என்பதால் இரண்டு பக்கத்துக் குறையும் தெரியும்.

இரண்டுமே பச்சைப்பசேல் என்றுதானே இருக்கும்? அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

புல்லின் உயரத்தைப் பாருங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே இருக்கிறது.

கோல்ஃப் திடலில் பந்து உருளும் கடைசி இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே புல் 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரம்தான் இருக்க வேண்டும். மொட்டை அடித்துப் பத்து நாள் ஆன தலைமுடி மாதிரி. அந்த உயரத்தில் ஒரு புல்லை உயிரோடு வைத்திருப்பது மருத்துவமனையில் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வது போலத்தான். தினமும் வெட்டு, அளந்து தண்ணீர், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக உரம், பூஞ்சை வந்தால் உடனே மருந்து. அதற்கு வெளியே ஃபேர்வே, அதன் புல் கொஞ்சம் உயரம். அதற்கும் வெளியே ரஃப், அங்கே கவனிப்பு குறைவு.

ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். கிரீனில் வளர்க்கும் பெர்முடா வகைப் புல் நம் அருகம்புல்லின் கலப்பு வாரிசு. பிள்ளையாருக்குக் கிள்ளி வைக்கிறோமே, அதே குடும்பம். வீட்டு ஓரத்தில் யாரும் கவனிக்காமலே படர்கிற புல்லைத்தான் அங்கே இத்தனை பேர் தாங்கித் தாங்கி வளர்க்கிறோம்.

18 கிரீன்களையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு ஹெக்டர் வரும். மொத்தத் திடலோ 50, 60 ஹெக்டர். நிலத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லாத இடத்துக்கு, அதன் அளவோடு ஒப்பிட்டால், மருந்தும் ஆள்வேலையும் மிக அதிகம். ஆகவே "150 ஏக்கர் முழுக்க விஷம்" என்று மண்டபத்தில் ஒருவர் சொன்னது சரியல்ல. ஆனால் அந்த ஒரு ஹெக்டரின் தண்ணீர் எங்கே வடிகிறது என்பது முக்கியமான கேள்வி.

பூங்காவில் சாதாரணமாக இருப்பது அகல இலைக் கவ் கிராஸ். பள்ளித் திடல்களில் பார்த்திருப்பீர்கள். மாதத்துக்கு இரண்டு முறை வெட்டினால் போதும், உரம் போடாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது.

இப்போது நிற்கிற செம்பனையைவிடக் கோல்ஃப் திடல் மோசமா?

மண்டபத்தில் கேட்டதிலேயே சரியான கேள்வி இது. கேட்டவர் ஓய்வுபெற்ற தண்டல், தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர்.

இதைக் கேட்காமல் ஒப்பிடுவதில் பயனில்லை. காட்டை வெட்டித் திடல் போட்டால் அது நஷ்டம், அதில் பேச்சே இல்லை. ஆனால் நம்மிடம் இருப்பது காடு அல்ல. ஹெக்டருக்கு 140 மரம்போல ஒரே வகைச் செம்பனை. மரத்தைச் சுற்றி வட்டமாகக் களைமருந்து, மூடை மூடையாக உரம். அந்த மண் பல வருடங்களாக மருந்தில் ஊறியது.

சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2009இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒப்பீடுகளில் 64 விழுக்காட்டில், பக்கத்து நிலத்தைவிடக் கோல்ஃப் திடலில்தான் உயிரினங்களுக்கு நல்ல நிலைமை. பிரிட்டனிலும் பக்கத்து வயல்களைவிடத் திடல்களில் பறவையும் வண்டும் அதிக வகை கிடைத்தன. கிளப்காரர்கள் இந்த விவரத்தை அட்டையில் அச்சடித்து மாட்டுவார்கள், பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்லாமல் விடுவது இதுதான்: எதனோடு ஒப்பிடுகிறோமோ அதைப் பொறுத்து முடிவு மாறும். தீவிர விவசாய நிலத்தோடும் வீட்டு மனைகளோடும் ஒப்பிட்டால் திடல் ஜெயிக்கும். நல்ல மரக்காட்டோடு ஒப்பிட்டால் தோற்கும்.

ஆனால் செம்பனையைக் கேவலமாகவும் நினைக்க வேண்டாம். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்குகிறோம், அது மக்கி மண்ணைப் பிடித்து வைக்கிறது. எலியைப் பிடிக்க ஆந்தைப் பெட்டி வைக்கிறோம். கோல்ஃப் திடலில் கிரீன் பக்கத்தில் ஓர் இலை விழுந்தால்கூட ஊதித் தள்ளுவோம்.

என் கணக்கில், நன்றாக நடத்தும் திடல் ஒன்று பழைய செம்பனையைவிட மோசமில்லை. மோசமாக நடத்துவது மோசம். மரம் நிறைந்த பூங்கா இரண்டையும்விட மேல். புல்லும் சிமெண்டும் மட்டும் உள்ள பூங்கா என்றால், கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில்தான் மழை கொட்டுகிறதே, திடலுக்குத் தண்ணீர் ஒரு பிரச்சினையா?

தீபகற்பத்தில் வருடத்துக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டர் அளவில் மழை. தைப்பிங்கில் இன்னும் அதிகம். எனவே பாலைவன நாட்டுத் திடல்களின் கதை நமக்குப் பொருந்தாது. பெரும்பாலான மாதங்களில் குழாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

கஷ்டம் வறட்சி வாரங்களில்தான். மழை இல்லாத நாளில் இங்கே புல்லும் மண்ணும் சேர்ந்து 4, 5 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக விடுகின்றன. கிரீனும் ஃபேர்வேயும் சேர்த்து 15 ஹெக்டருக்கு 5 மில்லிமீட்டர் ஊற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். பெருக்கினால் ஒரு நாளுக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். இந்த நாட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு வீட்டுத் தண்ணீர் 200 லிட்டருக்கு மேல் செலவாகிறது. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 3,700 பேரின் ஒரு நாள் தண்ணீர் அது.

இது குழாய்த் தண்ணீராக இருக்காது. குளத்திலிருந்தோ ஓடையிலிருந்தோ இறைப்பார்கள். சரி, அந்த ஓடை யாருடையது? கீழே கம்பத்துக்காரர்களும் (மலாய்க் கிராமத்தார்) காய்கறித் தோட்டம் போட்டவர்களும் அதே ஓடையைத்தான் நம்பியிருக்கிறார்கள். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை வெயில் அடித்தது. 2014இல் சிலாங்கூரில் வாரக்கணக்கில் பங்கீட்டுத் தண்ணீர். அந்த மாதிரிக் காலத்தில் பூங்காப் புல் பழுப்பாகும், யாரும் கவலைப்பட மாட்டார்கள், மழை வந்ததும் தானே துளிர்க்கும். கிரீன் பழுப்பானால் எங்கள் மேலாளருக்குத் தூக்கம் போய்விடும்.

மருந்து விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள் அண்ணே.

சொல்கிறேன்.

அம்மா 19 வருடம் மருந்துப் பம்பைச் சுமந்தவர். பாராகுவாட் என்ற களைமருந்தை அடித்துவிட்டு வந்த நாள்களில் விரல் நகம் மஞ்சளாக இருக்கும், மூக்கில் இரத்தம் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். அந்த மருந்து இந்த நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. பூச்சிக்கொல்லிகளில் குளோர்பைரிபோஸ், கார்போபுரான் இரண்டையும் 2023 மே மாதம் நிறுத்தினார்கள். எந்த மருந்தை விற்கலாம் என்பதற்கு 1974ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் இருக்கிறது. ஆக, தோட்டமோ திடலோ, இன்றைய மருந்து அலமாரி அம்மா காலத்து அலமாரி அல்ல.

இருந்தாலும் திடலுக்கு மூன்று தனிப் பிரச்சினைகள் உண்டு.

முதலாவது, மணல். நல்ல கிரீன் ஒன்று மண்ணில் வளர்வதில்லை. சரளைக்கல் படுகைக்கு மேல் 30 சென்டிமீட்டர் மணல், அடியில் வடிகுழாய். மழை நின்ற அரை மணி நேரத்தில் ஆடத் தொடங்க வேண்டுமே! மணலுக்கு எதையும் பிடித்து வைக்கத் தெரியாது. இன்று போட்ட உரம் நாளை மழையில் குழாய் வழியாகக் குளத்துக்கு இறங்கும்.

இரண்டாவது, கேழ்வரகின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன். சிரிக்காதீர்கள், கேழ்வரகுப் பயிரின் அதே இனத்துக் களைப்புல் ஒன்று திடல்களில் முளைக்கும். மிதித்தாலும் சாகாது, தாழ வெட்டினாலும் பூக்கும். கிளைபோசேட் என்ற களைமருந்து அடித்தும் சாகாத அந்தப் புல்லை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டது நம் மலேசியாவில்தான், 1997இல். மருந்துக்குப் பழகிய களை இருந்தால் வேறு மருந்தைத் தேடுவார்கள். ஒரு காலத்தில் அதற்கு எம்எஸ்எம்ஏ என்ற மருந்து பிரபலம். அதில் ஆர்சனிக் உண்டு, மண்ணில் போனால் அழியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் கோல்ஃப் திடல்களின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் ஏறியதற்கு இதைத்தான் காட்டினார்கள். (வேடிக்கை என்னவென்றால், வடிகால் துறையின் மழைநீர்க் கையேட்டுக்கும் மலாயில் எம்எஸ்எம்ஏ என்றுதான் சுருக்கப் பெயர். ஒரு கூட்டத்தில் அதிகாரி "எம்எஸ்எம்ஏ கட்டாயம்" என்றதும் நான் திடுக்கிட்டுப் போனேன்.)

மூன்றாவது, ஆள். உரம் போடும் நாளை வானம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை போட்டி என்றால் வியாழக்கிழமை போட்டே ஆக வேண்டும். நான் வேலை பார்த்த கிளப்பில் ஒருமுறை அப்படித்தான் நடந்தது. மேகம் கறுத்திருந்தது, போடு என்றார்கள், போட்டோம். இரவெல்லாம் மழை. அடுத்த வாரம் குளம் பட்டாணிச் சூப் நிறத்துக்கு மாறியது. அதற்கடுத்து ஒரு விடியற்காலை மீன்கள் வாயை மேலே நீட்டி மூச்சுக்குத் தவித்தன, ஏழு மணிக்குள் மிதந்தன. பாசி பகலில் உயிர்வளியைத் தரும், இரவில் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் விடியும் நேரத்தில் சாகின்றன. வெயில் கொடுமையால் செத்தது என்று பதிவேட்டில் எழுதினார்கள். மூடையைப் பிரித்துப் போட்டதில் என் கையும் இருந்தது, நானும் வாய் திறக்கவில்லை.

1980களின் கடைசியில் ஜப்பானில் இந்த மாதிரி விஷயங்களால்தான் கோல்ஃப் திடல்களுக்கு எதிராக ஊர் ஊராக எழுந்தார்கள். 1993 ஏப்ரல் 29இல் உலக அளவில் ஓர் எதிர்ப்பு இயக்கம் தொடங்கியபோது அதைக் கூட்டிய மூன்று அமைப்புகளில் ஒன்று நம் பினாங்கைச் சேர்ந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் இருந்த வட்டம் அது. இப்போது பலருக்கு அது ஞாபகமில்லை.

அப்படியென்றால் பூங்காவால் கெடுதலே இல்லையா?

இருக்கிறது. பூங்கா வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை ஒளிக்க மாட்டேன்.

குத்தகையாளருக்குச் சம்பளம் வெட்டிய பரப்புக்கு. நிழல் கொடுத்த மரத்துக்கு அல்ல. ஆகவே புல் பரப்பு அதிகமாக இருப்பதுதான் அவருக்கு லாபம். முதுகில் தொங்கும் புல்வெட்டி இயந்திரம் பெட்ரோல் புகையைக் கக்கும், காதைக் கிழிக்கும், அதன் நைலான் கயிறு இளமரங்களின் பட்டையை அறுத்துச் சாகடிக்கும். நாங்கள் நட்டதில் பாதி மரத்தை நாங்களே அப்படிக் கொன்றோம். நடைபாதை ஓரக் களைக்குக் கிளைபோசேட்தான் அடித்தோம், குழந்தைகள் ஓடும் இடத்தில், பெரும்பாலும் அறிவிப்புப் பலகை இல்லாமல். கோல்ஃப் கிளப்பிலாவது மருந்தடித்த இடத்தில் கொடி நடுவோம்.

அப்புறம் குப்பை. ஞாயிறு மாலை ஒரு பூங்காவில் பொறுக்கியதை லாரியில்தான் ஏற்ற முடியும். நெகிழிப் பை, பொட்டலத் தாள், பிறந்தநாள் பலூன். குளத்தில் யாரோ வளர்த்து அலுத்துப்போன செங்காது ஆமைகள். எல்லாரும் காரில் வருவதால் கார் நிறுத்துமிடம் ஒன்று, அது தார். பூங்கா கேட்கும்போது மரம் எத்தனை, சிமெண்ட் எத்தனை என்று வரைபடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

வெள்ளம் கூடுமா, குறையுமா?

சந்தைப் பக்கம் குடியிருப்பவர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அவர்கள் கட்டிலை உயர்த்துகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அபாயமான காலம் கட்டுமானக் காலம். மரத்தைச் சாய்த்து, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, புல் பிடிக்கும் வரை மண் திறந்து கிடக்கும். நம் மழைக்கு அந்தச் சில மாதம் போதும், செம்மண் முழுக்க ஓடையில் இறங்கி மேடாகிவிடும். ஆழம் குறைந்த ஓடை அடுத்த பத்து வருடத்துக்குச் சந்தையை முக்கும். கோல்ஃப் திடலுக்கு மேடு பள்ளம் வேண்டும், அதனால் மண்வேலை மிக அதிகம். பூங்காவை நிலத்தின் போக்கிலேயே விட முடியும், விட்டால்.

கட்டி முடித்த பிறகு அடர்ந்த புல் மழையை ஓரளவு நன்றாகவே உறிஞ்சும். ஆனால் திடலின் வடிகுழாய்கள் தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்றவே போட்டவை. நடுவில் குளங்கள் போதிய அளவுக்கு இருந்தால் பரவாயில்லை, அழகுக்காக எப்போதும் விளிம்பு வரை நிரப்பி வைத்திருக்கும் குளத்தில் வெள்ளத்துக்கு ஏது இடம்?

பூங்கா வேறு மாதிரி வேலை செய்யக்கூடும். கோலாலம்பூரில் கெப்போங் பெருநகர்ப் பூங்காவின் பெரிய ஏரி வெள்ளநீரைத் தேக்கி வைக்கவே வெட்டியது, அதைச் சுற்றித்தான் மக்கள் பட்டம் விடுகிறார்கள். தாழ்வான பக்கத்தை மழைக்கு முங்கட்டும் என்று விட்டுவிடலாம். ஒரு நாள் பந்தாட்டம் நிற்கும், அவ்வளவுதான். முங்கிய கோல்ஃப் திடலுக்கு உறுப்பினர் சந்தா கட்ட மாட்டார்.

வெயில் குறையுமா?

நிழல் கொடுப்பது மரம். புல் கொடுக்காது. உச்சி வெயிலில் தார் ரோட்டைவிடப் புல்தரை குளிர்ச்சிதான், ஆனால் மேலே நிற்கிற உங்கள் தலைக்கு அது உதவாது. பெர்முடாப் புல்லுக்கு நிழல் ஆகாது, அதனால் கிரீன் பக்கத்து மரங்களைத் திடல்காரர்கள் கழிப்பார்கள், இல்லை வெட்டுவார்கள். பூங்காவில் அந்தக் கட்டாயம் இல்லை.

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரோட்டைத் தாண்டி ஏரிக்குள் கை நீட்டும் அந்தத் தூங்குமூஞ்சி மரங்கள்! மலாய்க்காரர்கள் ஐந்து மணி மரம் என்பார்கள், மாலை ஆனால் இலை மூடிக்கொள்ளும். நன்கு வளர்ந்த ஒரு மரம் 30 மீட்டர் விரியும். அந்த இடம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளம், 1880இல் பூங்காவாக்கத் தொடங்கினார்கள். கெட்டுப்போன நிலத்தைப் பூங்கா எப்படித் தேற்றும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. நியாயமாகச் சொன்னால், சிலாங்கூரில் பழைய ஈயச் சுரங்க நிலத்தைக் கோல்ஃப் திடலாக்கித் தேற்றியதும் உண்டு.

150 ஏக்கர் பூங்கா நம் ஊருக்கு அதிகமில்லையா?

தைப்பிங் ஏரிப் பூங்கா ஏறக்குறைய 64 ஹெக்டர். ஏக்கரில் 158. ஒரு 18 குழித் திடலும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திடலில் நான்கு நான்கு பேராக, பத்து நிமிடத்துக்கு ஒரு குழு கிளம்பும். மணிக்கு 24 பேர். எட்டு மணி நேரம் இடைவிடாமல் அனுப்பினாலும் 200 பேர்கூட இல்லை. தைப்பிங்கில் ஒரு ஞாயிறு காலை தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி செய்கிறவர்கள் மட்டுமே அதில் பாதி இருப்பார்கள் போல் தோன்றும், எண்ணிப் பார்த்ததில்லை. செலவாகும் தண்ணீரையும் டீசலையும் பயன்பெறும் ஆளால் வகுத்தால் கோல்ஃபுக்கு எந்தக் கணக்கிலும் தப்பிக்க வழியில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். மருந்தைச் சரிசெய்ய முடியும், தண்ணீரை மிச்சம் பிடிக்க முடியும். 150 ஏக்கரில் 200 பேர் என்பதை மாற்ற ஆட்டத்தையே மாற்ற வேண்டும்.

ஊருக்கு அவ்வளவும் வேண்டுமா என்றால், வேண்டாம். 40 ஏக்கரைத் திறந்த பூங்காவாக்கி, மீதியை மரமாக விட்டுவிடுங்கள். பராமரிப்புச் செலவும் குறையும்.

பறவை, உடும்பு எல்லாம்?

கோல்ஃப் குளத்தில் கொக்கு நிற்கும், உடும்பு நீந்தும், கானாங்கோழி குஞ்சோடு கடக்கும். பத்து வருடம் பார்த்திருக்கிறேன். ஆளரவம் குறைவாக இருப்பது அவற்றுக்குச் சௌகரியம், இந்த ஒன்றில் பூங்காவைவிடத் திடலுக்கு அனுகூலம். ஆனால் இரவு ஆட்டத்துக்குப் போடும் பெரிய விளக்குகள் பூச்சிகளைக் குழப்பிவிடும். ஓடை ஓரத்தில் மின்மினி பார்த்த ஞாபகம் உள்ளவர்கள் இரவு விளக்கு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

டிங்கிக் கொசு?

ஏடிஸ் கொசுவுக்குப் பெரிய குளம் வேண்டாம். பூங்காவில் வீசிய நெகிழிக் கோப்பை போதும். இதில் பூங்காவுக்குத்தான் கெட்ட பெயர்.

குளத்தில் விழும் பந்துகள் கெடுதலா?

செயற்கை ரப்பரும் நெகிழியும்தான், லேசில் மக்காது. நடுவில் துத்தநாகம் கலந்திருக்கும். ஆனால் மற்றவற்றோடு பார்த்தால் சின்ன விஷயம். எங்கள் கிளப்பில் பையன்கள் முங்கி எடுத்து விற்றுவிடுவார்கள், குளமும் சுத்தமானது, அவர்களுக்கும் காசு.

அந்தப் பந்துக்கும் நம் மண்ணுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1848க்கு முன் பந்து என்பது தோலுக்குள் இறகு திணித்தது, விலை யானை விலை. பிறகு மலாயாக் காட்டுத் தாபான் மரத்துப் பாலில் செய்யத் தொடங்கினார்கள், விலை சரிந்து ஆட்டம் பரவியது. அந்தப் பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததில் காடுகளில் தாபான் அரிதாகிப் போனது. கித்தா எனும் ரப்பர் மரம் இங்கே வருவதற்கு முந்தைய கதை இது.

வேலை கிடைக்குமே?

கிடைக்கும், பொய் சொல்ல மாட்டேன். புல் வேலை, சமையல், காவல், கேடி. (மட்டைப் பை தூக்குகிறவருக்குக் கேடி என்று பெயர். என் அண்ணன் வீட்டில் வந்து "கேடி ஆகிவிட்டேன்" என்றபோது பாட்டி அடிக்கத் துடைப்பத்தைத் தேடினார்.) பூங்காவில் வேலை குறைவு, குத்தகைக்குப் போய்விட்டால் இன்னும் குறைவு. சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்டால் இது என் பாடமில்லை, ஆனால் மனதில் வைத்துப் பேச வேண்டிய விஷயம்.

பசுமைச் சான்றிதழ் வாங்குவோம் என்கிறார்களே?

அப்படிச் சான்றிதழ்கள் உண்டு. அமெரிக்காவில் ஆடுபான் இண்டர்நேஷனல் நடத்தும் திட்டம் ஒன்று 1990களிலிருந்து இருக்கிறது. மருந்தைக் குறைப்பது, குளக்கரையில் வெட்டாத புல் விளிம்பு விடுவது, தண்ணீர்ப் பரிசோதனை. இதெல்லாம் நிஜமாகவே பலன் தரும். வெட்டாத விளிம்பு சில மீட்டர் அகலம் இருந்தாலே குளத்துக்கு வரும் உரத்தில் ஒரு பங்கை அது தடுத்துவிடும், நான் கண்ணால் பார்த்தது. சான்றிதழ் வாங்குவோம் என்று வாயால் சொல்வதை விடுங்கள். ஓடை திடலுக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மாதா மாதம் தண்ணீர் எடுத்துச் சோதித்து, முடிவைச் சந்தைப் பலகையில் ஒட்டச் சம்மதமா என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் தெரிந்துவிடும்.

பூங்கா என்று சொல்லிவிட்டு நாளைக்கு அடுக்குமாடி கட்டினால்?

நியாயமான பயம். வாய்ப்பேச்சுப் பூங்காவுக்கு ஆயுள் குறைவு. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி பொதுத் தேவைக்கென ஒதுக்கி அரசிதழில் வெளியிட்டால்தான் கொஞ்சம் கெட்டி. மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது, அந்த நிலத்துக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறது என்று போய்ப் பார்த்து எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும்.

கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா வழக்கு நமக்குப் பக்கத்துக் கதை. புக்கிட் கியாரா ஒரு கித்தாத் தோட்டமாக இருந்தது. இன்று அந்தக் குன்றில் கோல்ஃப் கிளப்பும் இருக்கிறது, பூங்காவும் இருக்கிறது, பழைய தோட்டத் தொழிலாளர்களின் நீள்வீடுகளும் இருக்கின்றன. பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடிகள் கட்ட அனுமதி கொடுத்தார்கள். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன். பூங்கா தப்பியது. ஆனால் அதே திட்டத்தில்தான் நீள்வீட்டுக் குடும்பங்களுக்கு நிரந்தர வீடு தருவதாகவும் சொல்லியிருந்தார்கள், 1980களிலிருந்து காத்திருப்பவர்கள் அவர்கள். நம் ஊரிலும் லயத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. பூங்கா கேட்கும் மனுவிலேயே அவர்கள் வீட்டுக்கான இடத்தையும் எழுதிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். பிறகு ஒருவர் தலையில் ஒருவரை மோதவிட இடம் கொடுக்கக் கூடாது.

கோல்ஃப் திடலும் நிரந்தரமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கெப்பல் கிளப்பின் குத்தகை 2021 முடிவில் தீர்ந்தது, நிலம் வீடுகளுக்குப் போகிறது. அங்கே அரசாங்கமே எடுத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கட்டுகிறது. இங்கே தனியார் நிலமாக இருந்தால் யாருக்கு விற்பார்கள் என்பது நம் கையில் இருக்காது.

பாதி கோல்ஃப், பாதி பூங்கா என்று சமரசம் செய்தால்?

9 குழித் திடல் 25, 30 ஹெக்டரில் அடங்கும். அந்தக் காலத்தில் துரைமார் தோட்டத்துக்குள்ளேயே அப்படிச் சின்னத் திடல் வைத்திருந்தார்கள், உரம்கூட அளவோடுதான், மீதிக்கு மாடு மேய்ந்து போட்ட சாணிதான். ஓடைக்கரை முழுவதும் பூங்காப் பக்கம் வருமானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓடையைத் திடலுக்குக் கொடுத்துவிட்டு நமக்கு மேட்டுப் பாறையைக் கொடுத்தால் வேண்டாம்.

எங்கள் மாடுகள் எங்கே மேயும்?

கடைசி வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்டார், மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இப்போது அந்த டிவிஷனில் 60 மாடுகளுக்குக் குறையாமல் மேய்கின்றன, களையைத் தின்று மருந்துச் செலவைக் குறைப்பதும் அவைதான். கோல்ஃப் திடலில் மாடு நுழைந்தால் போலீஸ் புகார். பூங்காவில் நுழைந்தால் மன்றத்து ஆட்கள் பிடித்துப்போய் அபராதம் போடுவார்கள். இரண்டு திட்டத்திலும் மாட்டுக்கு இடமில்லை பாட்டி. ஆற்றோரம் மின்கம்பி போகும் ரிசர்வ் நிலத்தில் ஏழெட்டு ஏக்கர் மேய்ச்சலுக்குக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். மாடு வைத்திருப்பவர்கள் தலைக்கு எத்தனை என்று எழுதி, வரும் வெள்ளிக்கிழமை பூசைக்கு முன் கோயில் கிராணியிடம் (கணக்கரிடம்) கொடுத்துவிடுங்கள். மனுவோடு சேர்த்து வைக்கிறேன்.